கண்ணாடிக்கு வெளியே ஓர் அம்மா

நியூயார்க் நகரத்தின் கடலோரத்தில் கோனி ஐலண்ட் என்று ஓர் இடம். நம் தீவுத்திடல் பொருட்காட்சியையும் மெரினா பீச்சையும் ஒன்றாகப் பிசைந்து, அதில் பத்து மடங்கு மின்சார பல்புகளைத் தூவினால் எப்படி இருக்கும்? அப்படி. ராட்டினம், யானைச் சவாரி, குள்ள மனிதர்களின் சர்க்கஸ், பானி பூரிக்கு பதில் ஹாட் டாக். இவற்றுக்கு நடுவே, 1903-லிருந்து 1943 வரை நாற்பது வருடம் ஒரு ஸ்டால் நடந்தது. டிக்கெட் 25 சென்ட். உள்ளே போனால் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் உயிரோடு குழந்தைகள். மாதம் முடியாமல் பிறந்த, உள்ளங்கை அளவுக் குழந்தைகள்.

பொம்மை இல்லை சார், நிஜக் குழந்தைகள். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மக்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். நர்ஸ் ஒருத்தர் தன் விரலில் கிடக்கும் மோதிரத்தைக் கழற்றி, குழந்தையின் மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிக் காட்டுவார். கூட்டம் 'உச்' கொட்டும். அடுத்த ஸ்டாலுக்கு நகரும்.

இதை நடத்தியவர் மார்ட்டின் கூனி. இடத்தின் பெயர் கோனி, ஆளின் பெயர் கூனி. ராமாயணக் கூனிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, இவர் நல்லவர்தான். டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். டாக்டர் பட்டம் வாங்கியதற்கு இன்றுவரை ஆதாரம் ஏதும் சிக்கவில்லை. ஆனால் அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் 'இது பிழைக்காது' என்று கைவிட்ட குழந்தைகளை வாங்கி வைத்துக் காப்பாற்றினார். ஆயிரக்கணக்கில். பெற்றோரிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. செலவெல்லாம் அந்த 25 சென்ட் டிக்கெட்டிலிருந்து வந்தது. 1907-ல் அவருடைய மகளே குறைமாதத்தில் பிறந்தபோது, அவளையும் இதே பெட்டியில்தான் வைத்தார்.

நான் சொல்ல வந்தது இவருடைய பெருமையை அல்ல. ஒரு சின்ன விவரம். அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்குக் கூனி ஃப்ரீ பாஸ் கொடுத்தார். எதற்கு? தன் குழந்தையைப் பார்க்க! டிக்கெட் வாங்கியவன் நிற்கிற அதே கம்பிக்குப் பக்கத்தில் நின்று, அவன் பார்க்கிற மாதிரியே பார்த்துவிட்டுப் போகலாம். தூக்கக்கூடாது, தொடக்கூடாது, பராமரிப்பில் பங்கு கிடையாது.

குழந்தை தேறி, இரண்டே கால் கிலோ தாண்டியதும் 'வந்து அழைத்துப் போங்கள்' என்று தகவல் போகும். அங்கேதான் கூனிக்கு ஒரு விசித்திரமான தலைவலி வந்தது. சில பெற்றோர் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகத் தயங்கினார்கள். சொல்லிச் சொல்லி, சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது.

கல் நெஞ்சக்காரர்களா? அப்படி நினைத்தால் தப்பு. காரணத்தைக் கூனிக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அதற்கு நாம் பாரிஸ் போகவேண்டும்.

1880 வாக்கில், பாரிஸ் மெட்டர்னிட்டி ஆஸ்பத்திரியில் ஸ்தெஃபான் தார்னியே என்று ஒரு பிரசவ டாக்டர். ஊர் மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியைப் பார்த்தார். முட்டைக்குக் கதகதப்பு கொடுத்துக் குஞ்சு வரவைக்க முடியும் என்றால், அவசரப்பட்டு வந்துவிட்ட மனுஷக் குஞ்சுக்கும் கொடுக்கலாமே? அந்தப் பெட்டியைச் செய்த ஒதில் மார்ட்டினையே பிடித்து, குழந்தைக்கு ஒன்று செய்யச் சொன்னார். கீழே வெந்நீர், மேலே குழந்தை. அவ்வளவுதான் டெக்னாலஜி. அந்த ஆஸ்பத்திரியில் 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்துகொண்டிருந்தது, ஒரு சில வருடங்களில் 38 ஆகக் குறைந்தது.

தார்னியேவின் சீடர் பியர் புதான். 1895-ல் அந்த ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் பிரிவு இவர் பொறுப்புக்கு வந்தது. குழந்தையின் எடை, பால் அளவு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை மாதிரி நோட்டுப் போட்டு எழுதுகிற மனிதர். அப்படி எழுதும்போதே இன்னொன்றையும் கவனித்தார். குழந்தையை விட்டுப் பிரிந்திருக்கிற தாய்க்கு, பாலூட்டவோ தூக்கவோ வழியில்லாத தாய்க்கு, மெல்ல மெல்ல அந்தக் குழந்தை மேலிருக்கிற பிடிப்பே போய்விடுகிறது. இதை அவர் தாயின் குற்றமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் ஏற்பாட்டில் கோளாறு என்றார். அம்மா வந்து பார்க்கட்டும், அம்மாவே பால் கொடுக்கட்டும் என்றார். இன்குபேட்டருக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கச் சொன்னார். எதற்கு? அம்மா தன் குழந்தையை நன்றாகப் பார்ப்பதற்கு.

அம்மாவுக்காக வைத்த கண்ணாடி, அடுத்த பத்து வருடத்தில் டிக்கெட் வாங்கியவர்களுக்கானதாக மாறிவிட்டது. இத்தனைக்கும் கூனி தன்னைப் புதானின் மாணவர் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருவழியாக ஆஸ்பத்திரிகள் விழித்துக்கொண்டன. 1922-ல் சிகாகோவில் டாக்டர் ஜூலியஸ் ஹெஸ், குறைமாதக் குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. நல்ல நர்ஸ்கள், சுத்தம், கணக்கான பால். குழந்தைகள் பிழைத்தன. ஆனால் கதவு சாத்தப்பட்டது. கிருமித் தொற்று என்கிற பயம். ஆன்டிபயாட்டிக் வராத காலத்தில் அது நியாயமான பயம்தான், மறுக்கவில்லை. வார்டில் ஒரு வயிற்றுப்போக்கு நுழைந்தால் பாதிக் குழந்தைகள் போய்விடும். அதனால் அம்மாவின் பால் உள்ளே போகலாம், அம்மா போகக்கூடாது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். என்ன நடக்கிறது என்று கேட்டால், 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்.' பென்சிலின் வந்து, பயம் பாதியாகக் குறைந்த பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஒரு ரூல் எதற்காகப் போடப்பட்டதோ அந்தக் காரணம் செத்த பிறகும் ரூல் மட்டும் உயிரோடு இருக்கும். எந்த ஆபீசிலும் பார்க்கலாம்.

கதவு மூடியிருந்தால் உள்ளே நடப்பதும் வெளியே தெரியாது. 1940-களில் இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்ஸிஜன் விட்டார்கள். நல்லதுதானே என்று. உலகம் முழுக்கச் சுமார் பத்தாயிரம் குழந்தைகளுக்குக் கண் போயிற்று. பாடகர் ஸ்டீவி வொண்டர், 1950-ல் பிறந்தவர், அவர்களில் ஒருவர். காரணம் ஆக்ஸிஜன்தானா என்று கண்டுபிடிக்க 1953-ல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு பரிசோதனை நடத்தின. 786 குழந்தைகள். ஆமாம், ஆக்ஸிஜன்தான் என்று தெளிவாயிற்று. எத்தனையோ கண்களைக் காப்பாற்றிய பரிசோதனை அது. ஆனால், 'உங்கள் குழந்தையை இப்படி ஒரு பரிசோதனையில் சேர்க்கலாமா' என்று பெற்றோரிடம் கேட்கிற வழக்கம் அன்றைக்கு இல்லை.

1964 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் துணிந்து கதவைத் திறந்து பார்த்தார்கள். கையைக் கழுவிவிட்டு அம்மாக்கள் உள்ளே வந்தார்கள், குழந்தையைத் தொட்டார்கள். தொற்று அதிகமாகவில்லை. 1970-ல் அது கட்டுரையாக வெளிவந்தது. எண்ணிப் பாருங்கள், புதான் சொல்லி முழுதாக எழுபது வருடம்!

உள்ளே விட்டாயிற்று, சரி. விஷயத்தைச் சொன்னார்களா? அதுதான் இந்தக் கட்டுரையின் கசப்பான பகுதி.

1985, வாஷிங்டன். ஜில் லாசன் என்ற பெண்ணுக்கு 26 வாரத்தில் ஒரு மகன் பிறந்தான். குறைமாதக் குழந்தைகளுக்குச் சகஜமாக வருகிற ஒரு பிரச்னை உண்டு. கருவில் இருக்கும்போது இதயத்தருகே திறந்திருக்கிற ஒரு சின்ன ரத்தக்குழாய், பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை. ஆபரேஷன் செய்து கட்டினார்கள். மார்பைத் திறந்து, விலா எலும்புகளை விலக்கி. அம்மா சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார். சுமார் ஐந்து வாரம் போராடிக் குழந்தை இறந்துபோனது.

அதற்கப்புறம்தான் அந்தத் தாய் ரெக்கார்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்தார். ஆபரேஷன் நடந்தபோது குழந்தைக்குக் கொடுத்தது, தசைகளை அசையவிடாமல் முடக்குகிற மருந்து மட்டும். மயக்க மருந்து இல்லை. வலி மருந்து இல்லை. குழந்தை அசையவில்லை, அழவில்லை. அசையவும் அழவும் முடியாதபடி செய்திருந்தார்கள்.

மயக்க மருந்து நிபுணரிடம் போய்க் கேட்டார். 'இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு வலி தெரியும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லையே' என்கிற ரீதியில் பதில் வந்தது. அந்த டாக்டர் மட்டும் விசேஷமாகக் கொடூரமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்குப் பல நாடுகளில் அதுதான் வழக்கம். மயக்க மருந்தை அந்தச் சின்ன உடம்பு தாங்காது என்று மனப்பூர்வமாகவே நம்பினார்கள். ஆனால் அந்த வழக்கத்தை எந்த டாக்டரும் எந்த அம்மாவிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏன்? சொல்லியிருந்தால் ஒரு அம்மாவாவது ஒப்புக்கொண்டிருப்பாளா? மருத்துவம் தெரிய வேண்டாம். அது தப்பு என்று தெரிந்துகொள்ள, ஒரு முறை அந்தக் குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தும்போது பக்கத்தில் நின்றிருந்தால் போதும்.

லாசன் சும்மா இருக்கவில்லை. கடிதம் கடிதமாக எழுதினார். 1986-ல் வாஷிங்டன் போஸ்ட் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. நாடே அதிர்ந்தது. அதே சமயம் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டில், நம் இந்தூரில் டாக்டருக்குப் படித்துவிட்டுப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் இதையேதான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே ரத்தக்குழாய் ஆபரேஷன். சில குழந்தைகளுக்கு நல்ல வலி மருந்தும் சேர்த்து, சில குழந்தைகளுக்கு வழக்கப்படி. வலி மருந்து பெற்ற குழந்தைகளின் உடம்பு குறைவாகத் தவித்தது, பின்விளைவுகளும் குறைந்தன. 1987 ஜனவரியில் லான்செட்டில் வெளியானது. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், சின்னக் குழந்தை என்பதற்காக மயக்க மருந்தை மறுக்கக்கூடாது என்று அறிக்கை விட்டது. ஆராய்ச்சி ஒரு பக்கம் கதவை இடித்தது, ஒரு தாயின் கடிதங்கள் இன்னொரு பக்கம்.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டைக் காட்டினால் எங்கே பொய் இருக்கிறது என்று ஓரளவு சொல்வேன். 2012-ல் என் தங்கைக்கு 29 வாரத்தில் பெண் குழந்தை. 1,150 கிராம். மாப்பிள்ளை துபாயில், லீவுக்கும் டிக்கெட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். அதனால் என்.ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தாய்மாமன் நான். தங்கை இரண்டு மாடி கீழே, வயிற்றுத் தையலோடு படுக்கையில்.

ஒரு நாளைக்கு ஒரு முறை, கதவு ஒரு சாண் திறக்கும். இளம் டாக்டர் ஒருவர் தலையை நீட்டி, 'சாச்சுரேஷன் ட்ராப் ஆகுது, செப்சிஸ் சந்தேகம், ஸ்டெப் அப் பண்ணியிருக்கோம்' என்பார். நான் எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டுவேன். 'அம்மாகிட்ட இப்போ எதுவும் சொல்ல வேண்டாம் சார், பால் நின்னுடும்' என்பார். கதவு மூடிக்கொள்ளும். நான் கீழே போவேன். 'எப்படிண்ணே இருக்கா?' 'சூப்பரா இருக்கா. காலை ஆட்டுறா.' அன்றைக்குத்தான் வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள்.

நான்காம் நாள், தையலைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறி அவளே மேலே வந்து நின்றாள். 'ரத்தத்துல கிருமியாமே, டியூப் போட்டிருக்காங்களாமே?' யார் சொன்னது என்று கேட்டேன். வார்டு பெருக்குகிற ஆயாம்மா. படிக்கத் தெரியாத அந்த அம்மாளுக்குத்தான் மூன்று நாளாக என் தங்கையிடம் நிஜம் பேசத் தோன்றியிருக்கிறது. என் முகத்தைத் தங்கை பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. டாக்டர்கள் வைத்த கண்ணாடியைப் பற்றி இவ்வளவு பக்கம் குறை சொல்கிறவன், நான்கு நாள் நானே ஒரு கண்ணாடியாக நின்றிருக்கிறேன். என்னைப் போல எத்தனை அண்ணன்கள், மாமனார்கள், 'நாங்க பக்குவமா சொல்லிக்கிறோம் டாக்டர்' என்று!

ஹெலன் ஹாரிசன் என்கிற அமெரிக்கப் பெண்மணியின் பெயரை எனக்கு அப்போது தெரியாது. 1975-ல் அவருக்கும் இப்படி ஒரு மகன் பிறந்தான். என்ன நடக்கிறது, பின்னால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர், 1983-ல் குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கென்றே ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். 1992-ல் இவரைப் போன்ற பெற்றோர்களும் சில டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். அதிலிருந்து ஒரு பட்டியல் உருவாகி, 1993-ல் 'பீடியாட்ரிக்ஸ்' பத்திரிகையில் வந்தது. முதல் அம்சமே ஒளிவுமறைவில்லாத பேச்சுதான். டாக்டருக்குத் தெரிந்த உண்மைகள் பெற்றோருக்கும் தெரியவேண்டும்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும்; பிழைப்பதே நிச்சயமில்லாத கட்டத்தில், எதுவரை போவது என்ற முடிவில் பெற்றோருக்கு உரிமை வேண்டும்.

எல்லாம் மாறிவிட்டதா என்றால், இல்லை. 2005 முதல் 2009 வரை அமெரிக்காவில் 1,316 குழந்தைகளை வைத்து மறுபடியும் ஒரு ஆக்ஸிஜன் பரிசோதனை நடந்தது. எவ்வளவு கொடுத்தால் கண்ணும் உயிரும் சேர்ந்து பிழைக்கும் என்று பார்க்க. இந்த முறை பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வாங்கினார்கள். ஆனால் 2013-ல் அரசாங்கத்தின் கண்காணிப்பு அலுவலகமே, அந்தப் படிவங்களில் கண்பார்வை, உயிர் இரண்டுக்கும் உள்ள ஆபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று கடிதம் எழுதியது. ஆராய்ச்சியாளர்கள் கடுமையாக மறுத்தார்கள், பெரிய டாக்டர்கள் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள், சண்டை நீண்டது. கையெழுத்து வாங்குவது வேறு, சொல்லுவது வேறு என்பதாவது தெரிந்தது.

பணக்கார ஆஸ்பத்திரிகள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கதவை உடைத்துத் திறந்தது யார் தெரியுமா? இல்லாமை!

1978, கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. ஏழைகளின் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்று. குழந்தையை விட்டுவிட்டுப் போய்விடுகிற அம்மாக்கள் வேறு. டாக்டர் எட்கார் ரே சனாப்ரியாவுக்குப் புது இயந்திரம் வாங்கக் காசில்லை. குழந்தையை எடுத்து அம்மாவின் நெஞ்சில், தோலோடு தோல் படும்படி கட்டிவிட்டார். அம்மாவின் உடம்பே இன்குபேட்டர். கங்காரு முறை என்று பெயர் வந்தது. கைவிடப்படும் குழந்தைகளும் குறைந்தன. புதான் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அடுத்த வருடம் 1979, எஸ்டோனியாவின் தாலின் நகரம். சோவியத் ஆட்சிக்காலம். டாக்டர் அதிக் லெவினிடம் நர்ஸ்கள் போதவில்லை. வேறு வழியில்லாமல் அம்மாக்களை இருபத்து நாலு மணி நேரமும் வார்டிலேயே தங்கவைத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். டயபர் மாற்றுவது, பால் கொடுப்பது, உடம்புச் சூடு பார்ப்பது எல்லாம் அம்மா. அப்படி இருபத்து நாலு மணி நேரமும் உள்ளேயே இருக்கிறவளிடம் 'குழந்தை நல்லா இருக்கு' என்று யார் பொய் சொல்லமுடியும்?

கடைசியாக டெல்லி. சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி, நம் அரசாங்க ஆஸ்பத்திரி. இந்தியாவோடு கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பரிசோதனையில் இதுவும் ஒரு இடம். ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவில் எடையுள்ள 3,211 குழந்தைகள். பாதிப் பேருக்கு, குழந்தையின் நிலைமை சீரானபிறகு கங்காரு முறை. அதுதான் பழைய வழக்கம். மீதிப் பேருக்குப் பிறந்த உடனேயே. முதல் 28 நாளில் பழைய முறையில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன, புது முறையில் 12. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் முடிவு வெளியானது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் தன் சிபாரிசை மாற்றிக்கொண்டது.

அதற்காக என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். என்.ஐ.சி.யூ.வுக்குள்ளேயே அம்மாவுக்குக் கட்டில் போட்டார்கள். அம்மாவுக்கு முடியாத நேரத்தில் பாட்டியோ சித்தியோ நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் தையலையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க, பிரசவ டாக்டர்கள் குழந்தை வார்டுக்கு நடந்து வரவேண்டும். கையெழுத்துப் போட வாசலில் நாற்காலி போட்டு யாரும் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

என் தங்கை மகள் பிழைத்துக்கொண்டாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், கணக்கில் என்னைப் போலவே சுமார். போன மாதம், 'நான் பொறந்தப்ப எப்படி மாமா இருந்தேன்?' என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். சமையலறையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: 'அவங்கிட்ட கேக்காத. இங்க வா, நான் சொல்றேன்.'